நாடக வரிசை என்றால் என்ன? ஆகஸ்ட் வில்சனின் பத்து நாடகங்கள்

ஒரே நாடகாசிரியர் பல நாடகங்களை எழுதுகிறார். ஒவ்வொன்றும் தன்னளவில் முழுமையானது. எதை வேண்டுமானாலும் தனியே மேடையேற்றலாம், தனியே படிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, தனித்தனியே பார்த்தபோது கண்ணில் படாத ஒரு பெரிய உருவம் தெரிகிறது. இப்படி அமைந்த தொகுதியை நாடக வரிசை என்று சொல்லலாம். தொலைக்காட்சித் தொடரில் நேற்றைய கதை தெரியாவிட்டால் இன்றைய கதை புரியாது. நாடக வரிசையில் அந்தக் கட்டாயம் இல்லை. இங்கிலாந்து மன்னர்களைப் பற்றி ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகங்கள் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. நம் காலத்துக்கு அருகில் உள்ள எடுத்துக்காட்டு அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் எழுதிய பத்து நாடகங்கள். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு நாடகம் என்ற கணக்கில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நூறு ஆண்டு வாழ்வை அவர் எழுதி முடித்தார். பத்தில் ஒன்பது நாடகங்கள் பிட்ஸ்பர்க் நகரின் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரே பகுதியில் நடக்கின்றன. ஆகவே இதைச் சிலர் பிட்ஸ்பர்க் வரிசை என்றும், சிலர் நூற்றாண்டு வரிசை என்றும் அழைக்கிறார்கள்.

இந்த வரிசையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் அளவைச் சொல்லித்தான் தொடங்குவார்கள். அந்த அளவு வியப்புக்கு உரியதுதான். ஆனால் முதன்முதலாக இந்த நாடகங்களுக்குள் நுழையும் வாசகருக்கு அதனால் பெரிய உதவி கிடைக்காது. அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லக்கூடிய சொல் ஒன்று நம் மொழியில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்: பாக்கி. வில்சனின் நாடகங்களில் யாரோ ஒருவருக்கு வந்துசேர வேண்டிய ஒன்று வராமல் நிற்கிறது. ஓரிடத்தில் அது கூலியாக இருக்கும், இன்னோரிடத்தில் நிலமாக இருக்கும், மற்றோரிடத்தில் ஒரு பாட்டின் விலையாகவோ ஓர் ஆளின் ஏழு ஆண்டு வாழ்வாகவோ இருக்கும். வராத அந்தப் பாக்கியை மனத்தில் சுமந்துகொண்டே ஒரு மனிதர் எப்படி உழைக்கிறார், எப்படிப் பேசுகிறார், பெற்ற பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் நாடகம் நிகழ்கிறது.

ஒரு நாடகத்தை அருகில் போய்ப் பார்ப்போம். 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' 1969-ஆம் ஆண்டில், மெம்ஃபிஸ் லீ என்பவரின் சிறிய உணவகத்தில் நடக்கிறது. அங்கே எல்லோரும் ஹாம்போன் என்று அழைக்கும் ஒருவர் நாள்தோறும் வந்து உட்காருகிறார். ஒன்பதரை ஆண்டுகளுக்கு முன், தெருவின் எதிர்ப்புறத்தில் மாமிசக் கடை வைத்திருக்கும் லட்ஸ் என்ற வெள்ளையர் தம் வேலிக்கு வண்ணம் அடிக்க இவரை அமர்த்தினார். வேலை நன்றாக இருந்தால் ஒரு ஹாம், அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை, தருவதாகப் பேச்சு; சுமாராக இருந்தால் ஒரு கோழி. வேலை முடிந்ததும் கோழியை எடுத்துக்கொண்டு போகும்படி லட்ஸ் சொல்லிவிட்டார். ஹாம்போன் அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கடை திறக்கும் நேரத்தில் போய் நின்று தமக்குரியதைக் கேட்கிறார். கேட்டுக் கேட்டு மனம் தேய்ந்து, இப்போது அவர் வாயில் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: "என் ஹாமை அவன் கொடுப்பான். எனக்கு என் ஹாம் வேணும்." உணவகத்தில் யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் இந்தப் பேச்சு வந்து விழுகிறது.

கிடைத்த கோழியை வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்பது மெம்ஃபிஸின் கருத்து. ஆனால் அங்கே வழக்கமாக வந்து அமரும் ஹாலோவே என்ற முதியவர் வேறு மாதிரி பார்க்கிறார்: கொடுத்ததை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடும் நம் எல்லோரையும்விட இந்த மனிதருக்குத்தான் அறிவு அதிகமோ என்னவோ என்கிறார். வில்சனின் கைத்திறனை இங்கே கவனிக்க வேண்டும். மெம்ஃபிஸின் உணவகக் கட்டடத்தை நகர நிர்வாகம் இடிக்கப்போகிறது. அதற்கு 25,000 டாலர் கொடுத்தால்தான் ஆயிற்று என்று மெம்ஃபிஸே பிடிவாதமாக நிற்கிறார். மிசிசிப்பியில் தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர் அவர். அங்கே அவருடைய கோவேறு கழுதையை வெட்டிக் கொன்றார்கள். என்றைக்காவது திரும்பிப் போய் அந்த நிலத்தைக் கேட்பேன் என்ற எண்ணத்தையும் அவர் விடவில்லை. ஹாம்போனுக்குக் கோழியே போதும் என்று சொல்லும் அதே மனிதர் தமக்கு மட்டும் முழுத் தொகை வேண்டும் என்கிறார். இதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பிடிவாதங்களையும் ஒரே அறையில் வைத்துவிட்டு வில்சன் ஒதுங்கிக்கொள்கிறார். ஹாம்போன் தம் பாக்கியை வாங்காமலேயே இறந்துபோகிறார். நாடகத்தின் கடைசிக் காட்சியில், சிறையிலிருந்து அண்மையில் வெளிவந்த ஸ்டெர்லிங் என்ற இளைஞர் லட்ஸின் கடைக் கண்ணாடியை உடைத்து ஒரு ஹாமை எடுத்து, முகத்திலும் கையிலும் இரத்தம் வழிய, அதைச் சவப்பெட்டியில் வைப்பதற்காகக் கொண்டுவந்து நிற்கிறார்.

இந்தக் கதையின் வேர் வில்சனின் சொந்த வீட்டில் இருக்கிறது. அவர் 1945 ஏப்ரல் 27 அன்று ஹில் டிஸ்ட்ரிக்டில், பெட்ஃபர்ட் அவென்யூ 1727-ஆம் எண் வீட்டில், ஒரு மளிகைக் கடையின் பின்னால் இருந்த நெருக்கடியான குடியிருப்பில் பிறந்தார். தந்தை ஃபிரெடெரிக் கிட்டல், ஐரோப்பாவிலிருந்து வந்த ஜெர்மானியர், ரொட்டி சுடும் தொழிலாளி. குடும்பத்தோடு நிலையாக இருந்தவர் அல்லர். தாய் டெய்சி வில்சன் வீட்டு வேலை செய்து ஆறு பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண். வானொலிப் போட்டி ஒன்றில் டெய்சி ஒரு புதிய சலவை இயந்திரத்தை வென்றாராம். வென்றவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும், புதிய இயந்திரத்துக்குப் பதிலாகப் பழையது ஒன்றை வாங்கிக்கொள்ளச் சீட்டு தர முன்வந்தார்கள். அதை அவர் ஏற்கவில்லை. சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துப் புதியது வாங்கும்வரை கையாலேயே துவைத்தார். இதை வில்சன் பிற்காலத்தில் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். ஹாம்போனின் கோழியும் டெய்சியின் பழைய இயந்திரமும் ஒன்றே என்பதைக் கண்டுகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை.

பள்ளியிலும் அவருக்கு ஒரு பாக்கி விழுந்தது. நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய இருபது பக்கக் கட்டுரையை, ஒரு கறுப்பினச் சிறுவனால் இப்படி எழுத முடியாது, இது எங்கிருந்தோ பார்த்து எழுதியதுதான் என்று ஆசிரியர் சந்தேகித்தார். பதினைந்து வயதில் வில்சன் பள்ளியை விட்டார். பிட்ஸ்பர்க்கின் கார்னகி நூலகத்தில் உட்கார்ந்து தாமே படித்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அந்த நூலகமே அவருக்கு ஒரு பட்டயத்தை வழங்கியது. 1965-இல், இருபது வயதில், இருபது டாலருக்கு ஒரு தட்டச்சு இயந்திரம் வாங்கிக் கவிஞராக வாழ்வைத் தொடங்கினார். தாயின் குடும்பப் பெயரை ஏற்று ஆகஸ்ட் வில்சன் ஆனதும் அப்போதுதான். அதே காலத்தில் ஐந்து சென்ட்டுக்கு வாங்கிய பழைய இசைத்தட்டு ஒன்றில் பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் பாடலைக் கேட்டு, அதையே தொடர்ந்து இருபத்திரண்டு முறை போட்டுக் கேட்டாராம். தம் மக்களின் வரலாறும் தத்துவமும் எழுத்தில் இல்லாவிட்டாலும் இந்தப் பாட்டுகளில் இருக்கின்றன என்று அவர் அன்று உணர்ந்தார். ப்ளூஸ் என்பது அடிமை வாழ்விலிருந்து மீண்ட மக்களின் துயரத்தையும் நகைப்பையும் சேர்த்துச் சொல்லும் பாட்டுமுறை. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் சற்றே பொருள் மாறும். ஹாம்போனின் பேச்சு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

1968-இல் நண்பர் ராப் பென்னியோடு சேர்ந்து பிளாக் ஹொரைசன்ஸ் என்ற நாடக அரங்கை நிறுவினார். ஆனால் அவருக்கு உரையாடல் எழுத வரவில்லை. பாத்திரங்களை எப்படிப் பேச வைப்பது என்று பென்னியிடம் கேட்டபோது, நீ பேச வைக்காதே, அவர்கள் பேசுவதைக் கேள் என்றாராம் அவர். அந்த அறிவுரை பலிக்கப் பத்தாண்டு ஆயிற்று. 1978-இல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே அறிவியல் அருங்காட்சியகத்துக்குச் சிறு நாடகங்கள் எழுதிக்கொண்டிருந்தார். பிட்ஸ்பர்க்கிலிருந்து தொலைவில் போன பிறகுதான், இளமையில் சுருட்டுக் கடையிலும் உணவகங்களிலும் கேட்ட முதியவர்களின் குரல்கள் அவர் காதில் தெளிவாக விழுந்தன. 1979-இல் எழுதிய 'ஜிட்னி' அந்தக் குரல்களால் ஆனது. ஹில் டிஸ்ட்ரிக்டுக்கு உரிமம் பெற்ற வாடகைக் கார்கள் வர மறுத்த காலத்தில், உரிமம் இல்லாமல் சொந்தக் கார்களை ஓட்டிப் பிழைத்தவர்களின் கதை அது.

பத்து நாடகங்களை எழுதப் போகிறேன் என்று திட்டமிட்டு அவர் தொடங்கவில்லை என்பதைத் தொடக்க வாசகர் அறிந்துகொள்வது நல்லது. மூன்று நாடகங்களை எழுதிய பிறகு திரும்பிப் பார்த்தபோது, ஒவ்வொன்றும் வெவ்வேறு பத்தாண்டில் நடப்பதை அவரே கவனித்தார். அப்படியே தொடர்ந்தால் என்ன என்ற எண்ணம் அதன் பின்னரே வந்தது. கால வரிசைப்படியும் அவர் எழுதவில்லை. 1911-இல் நடப்பது, 1957-இல் நடப்பதற்குப் பிறகு எழுதப்பட்டது. நூற்றாண்டின் இரு முனைகளான 1904-உம் 1997-உம் கடைசியாக வந்தன. வரிசை என்பது கட்டடத்தின் வரைபடம் போல முன்கூட்டியே இருப்பதில்லை, எழுதும்போதே வளர்கிறது. ஆகையால் அதை எந்த இடத்திலிருந்தும் படிக்கத் தொடங்கலாம்.

1982-இல் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள யூஜின் ஓநீல் நாடக மையம், 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' என்ற நாடகத்தைத் தன் பயிலரங்குக்குத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன் அவர் அனுப்பிய நாடகங்களை அந்த மையம் திருப்பி அனுப்பியிருந்தது. அங்கேதான் இயக்குநர் லாயிட் ரிச்சர்ட்ஸின் துணை கிடைத்தது. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தை 1959-இல் பிராட்வேயில், அதாவது நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளின் வட்டாரத்தில், இயக்கியவர் அவர். வில்சனின் ஆறு நாடகங்களைத் தொடர்ந்து பிராட்வேக்குக் கொண்டுசென்றவரும் அவரே. அவர்கள் கையாண்ட முறை புதுமையானது. யேல் பல்கலைக்கழகத்தின் நாடக அரங்கில் முதலில் மேடையேற்றி, பிறகு பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் முதலிய நகரங்களின் நிரந்தர அரங்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தி, ஒவ்வோர் ஊரிலும் வில்சன் அமர்ந்து திருத்தி எழுதி, கடைசியாகவே நியூயார்க்குக்கு வருவார்கள். நீண்ட நாடகங்களை வெட்டிச் செதுக்க அவருக்கு அந்தப் பயணம் தேவைப்பட்டது.

'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' 1984 அக்டோபரில் பிராட்வேயை அடைந்தது. வரிசையில் பிட்ஸ்பர்க்குக்கு வெளியே நடப்பது இது ஒன்றுதான். களம் 1927-இல் சிகாகோவின் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். லெவி என்ற இளம் டிரம்பெட் கலைஞர், தம் பாடல்களைப் பதிவுசெய்வதாக வெள்ளை முதலாளி கொடுத்த வாக்கை நம்பியிருக்கிறார். கடைசியில் முதலாளி ஒரு பாட்டுக்கு ஐந்து டாலர் கொடுத்துக் கைகழுவப் பார்க்கிறார். அடுத்த சில நிமிடங்களில், லெவியின் புதிய காலணியைத் தெரியாமல் மிதித்துவிட்ட சக கலைஞர் டொலிடோ கத்திக்குத்துப்பட்டு இறக்கிறார். பாக்கி வைத்தவர் கூடத்தை விட்டுப் போய்விட்டார்; பக்கத்தில் நின்றவர் உயிரால் அதைச் செலுத்துகிறார். வில்சனின் உலகில் மிகவும் வலிப்பது இதுதான் என்பேன். கோபம் சேர வேண்டிய இடத்தில் சேராமல் வீட்டுக்குள்ளேயே, நண்பர்களுக்குள்ளேயே வெடிக்கிறது.

'ஃபென்சஸ்' நாடகம் இதையே ஒரு குடும்பத்துக்குள் வைத்துப் பார்க்கிறது. வேலிகள் என்று பொருள்படும் இந்த நாடகம் 1957-இல் நடக்கிறது. ட்ராய் மேக்சன், 53 வயது, குப்பை அள்ளும் தொழிலாளி. இளமையில் கறுப்பினத்தவருக்கான தனி பேஸ்பால் லீகுகளில் பெரிய ஆட்டக்காரர். வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீகின் கதவு 1947-இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரருக்குத் திறந்தபோது ட்ராய்க்கு வயது கடந்துவிட்டது. அதனால் தம் மகன் கோரிக்கு அமெரிக்கக் கால்பந்து வழியாகக் கிடைக்கவிருந்த கல்லூரி வாய்ப்பை அவரே தடுத்துவிடுகிறார். எனக்குக் கிடைக்காததை உலகம் உனக்கும் தராது என்பது அவர் கணக்கு. ஒரு காட்சியில், அப்பா, உங்களுக்கு ஏன் என்னைப் பிடிக்கவேயில்லை என்று கோரி கேட்கிறான். ட்ராயின் பதில் கடுமையானது. உன்னைப் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது, நீ என் மகன் என்பதால் சோறு போடுகிறேன், அது என் பொறுப்பு என்கிறார். தம் முதலாளி சம்பளம் தருவதும் தம்மைப் பிடித்திருப்பதால் அன்று, தர வேண்டியிருப்பதால்தான் என்று ஒப்பிட்டுச் சொல்லி, எவனுக்கும் உன்னைப் பிடிக்கிறதா என்று பார்க்காதே, உனக்குச் சேர வேண்டியதைச் செய்கிறானா என்று மட்டும் பார் என்று முடிக்கிறார்.

அமெரிக்க நாடகங்களில் தந்தையும் மகனும் பேசும் காட்சிகள் ஏராளம். இதற்கு இணையாக என் மனத்தில் நிற்பது வேறொன்றும் இல்லை. அன்பைக் கேட்டு வந்த பிள்ளைக்குக் கணக்கைக் காட்டும் தந்தையிடம் நமக்குக் கோபம் வருகிறது. அதே நேரத்தில், அந்தக் கணக்கைத் தவிர வேறெதையும் உலகம் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதும் புரிகிறது. ட்ராய் கடன்காரரும்கூட. போரில் தலையில் அடிபட்டு மனநிலை பாதிக்கப்பட்ட தம்பி கேப்ரியேலுக்கு அரசு கொடுத்த 3,000 டாலரில்தான் அவர் குடியிருக்கும் வீடே வாங்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி ரோஸுக்கும் அவர் துரோகம் செய்கிறார். எனக்கும் ஆசைகள் இருந்தன, அவற்றையெல்லாம் உன்னிடம்தான் புதைத்தேன் என்று ரோஸ் எழுந்து பேசும்போது, பாக்கிப் பட்டியலில் யாரும் எழுதாமல் விட்ட ஒரு பெயர் சட்டென்று மேலே வருகிறது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ட்ராயாக நடித்த இந்த நாடகம் 1987-இல் புலிட்சர் பரிசையும், சிறந்த நாடகத்துக்கான டோனி விருதையும் பெற்றது. பிராட்வேயில் 525 முறை நடந்தது. 2010-இல் டென்சல் வாஷிங்டனும் வயோலா டேவிஸும் இதை மீண்டும் மேடையில் நடித்தார்கள். 2016-இல் வாஷிங்டனே இயக்கித் திரைப்படமாகவும் வந்தது. ரோஸாக நடித்த டேவிஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இரண்டாவது புலிட்சர் பரிசு 1990-இல் 'தி பியானோ லெசன்' நாடகத்துக்கு வந்தது. 1936-இல் ஒரு வீட்டுக்குள் ஒரு பழைய பியானோ நிற்கிறது. அடிமைக் காலத்தில் அந்தக் குடும்பத்தின் மூதாட்டியையும் அவருடைய ஒன்பது வயது மகனையும் விலையாகக் கொடுத்து முதலாளி வாங்கிய பியானோ அது. பிரிக்கப்பட்ட மனைவி மகனின் முகங்களையும், பிறகு குடும்பத்தின் முழுக் கதையையும் கணவர் அதன் மரத்தில் செதுக்கினார். பின்னொரு தலைமுறையில் அதை மீட்டுக் கொண்டுவந்ததற்காக ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். இப்போது தம்பி பாய் வில்லி, அதை விற்றுத் தம் முன்னோர் அடிமைகளாக உழைத்த அதே நிலத்தை வாங்கப் போகிறேன் என்கிறான். அக்கா பெர்னீஸ் விற்க விடமாட்டேன் என்கிறாள். இருவர் பக்கமும் நியாயம் உள்ளது. ரோமேர் பியர்டன் என்ற கறுப்பின ஓவியரின் படம் ஒன்றிலிருந்து இந்த நாடகம் பிறந்தது; 1911-இல் நடக்கும் 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' நாடகத்துக்கும் அவருடைய வேறொரு படமே தூண்டுதல். அதில் ஹெரால்டு லூமிஸ் என்பவர் ஏழு ஆண்டுகள் கட்டாய உழைப்பில் பிடித்து வைக்கப்பட்டு, விடுதலையான பின் மகளைக் கூட்டிக்கொண்டு மனைவியைத் தேடி அலைகிறார்.

நாடகங்களை இணைக்கும் மெல்லிய நூல்களில் முக்கியமானவர் எஸ்தர் அத்தை. வைலி அவென்யூ 1839-ஆம் எண் வீட்டில் இருக்கும் இந்த மூதாட்டியிடம் துயரப்பட்டவர்கள் ஆறுதல் தேடி வருகிறார்கள். 1904-இல் நடக்கும் 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' நாடகத்தில் அவருக்கு வயது 285. 1985-இல் நடக்கும் 'கிங் ஹெட்லி தி செகண்ட்' நாடகத்தில் 366-ஆம் வயதில் இறக்கிறார். கழித்துப் பார்த்தால் இரண்டிலும் 1619 என்ற ஆண்டு வரும். ஆப்பிரிக்கர்கள் ஆங்கிலேயரின் வர்ஜீனியாவில் முதன்முதலாகக் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆண்டு அது. தம்மை விற்ற பத்திரத்தையே மடித்து அவர் ஒரு காகிதக் கப்பல் செய்கிறார். பாவத்தைச் சுமந்து வந்த ஓர் இளைஞரை அந்தக் கப்பலில், கடலில் மாண்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புகளால் ஆன நகரத்துக்குக் கற்பனைப் பயணம் அழைத்துச் செல்கிறார். 1997-இல் நடக்கும் 'ரேடியோ கால்ஃப்' நாடகத்தில், அதே வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்பும் கடைகளும் கட்ட வருபவர் ஹார்மண்ட் வில்க்ஸ் என்ற கறுப்பினச் செல்வர். அந்த வீட்டைத் தாம் பெற்ற முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று அவர் கண்டுகொள்கிறார். இம்முறை பாக்கி வைத்திருப்பவர் தம் இனத்தவரே.

இடிபடும் கட்டடங்கள் வரிசையில் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம் உண்டு. 1950-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் ஹில் டிஸ்ட்ரிக்டின் கீழ்ப்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. ஏறத்தாழ 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அங்கே 1961-இல் ஒரு பெரிய உள்ளரங்கு விளையாட்டுக் கூடம் திறக்கப்பட்டது. வில்சன் அப்போது பதின்வயதுப் பையன்.

வரவேற்பைப் பொறுத்தவரை, அவர் காலத்தில் இவ்வளவு தொடர்ந்து போற்றப்பட்ட அமெரிக்க நாடகாசிரியர்கள் மிகக் குறைவு. நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருது மட்டும் எட்டு நாடகங்களுக்குக் கிடைத்தது. ஆனால் பிற்காலத்து நாடகங்கள் பிராட்வேயில் நெடுநாள் ஓடவில்லை. 'கிங் ஹெட்லி தி செகண்ட்', 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' இரண்டும் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் முடிந்துவிட்டன. நீளம் அதிகம், தனியுரைகள் அதிகம், பெண் பாத்திரங்களுக்கு ஆண்களுக்குரிய இடம் இல்லை என்ற குறைகள் சொல்லப்பட்டன. கடைசிக் குறையில் உண்மை இருக்கிறது. ரோஸும் பெர்னீஸும் எஸ்தர் அத்தையும் விதிவிலக்குகள். தனியுரைகளைப் பற்றிய குறையை நான் ஏற்கமாட்டேன். வேறெங்கும் யாரும் காதுகொடுத்துக் கேட்காத மனிதர்கள் பத்து நிமிடம் தடையில்லாமல் பேசுவதற்கு அவர் மேடையைக் கொடுத்தார். அந்தப் பேச்சுகளை எடுத்துவிட்டால் நாடகத்தில் என்ன மிஞ்சும்?

1996-இல் பிரின்ஸ்டனில் நடந்த நாடகக் குழுக்களின் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. நாட்டின் முதன்மையான நிரந்தர அரங்குகள் 66-இல் கறுப்பினத்தவருடையது ஒன்றே ஒன்று என்று அவர் சுட்டிக்காட்டினார். வெள்ளையருக்காக எழுதப்பட்ட பாத்திரங்களில் கறுப்பின நடிகர்களை நிறுத்துவதைத் தீர்வாக ஏற்க முடியாது, எங்கள் கதைகளை நாங்களே நடத்த எங்களுக்கு அரங்குகள் வேண்டும் என்றார். விமர்சகர் ராபர்ட் புருஸ்டீன் இதைப் பிரிவினைப் போக்கு என்று கடுமையாக எதிர்த்தார். அடுத்த ஆண்டு சனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் இருவரும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். 'ஃபென்சஸ்' படத்தைக் கறுப்பினத்தவர் ஒருவரே இயக்க வேண்டும் என்று வில்சன் விட்டுக்கொடுக்காமல் நின்றதால், அவர் வாழ்நாளில் அந்தப் படம் எடுக்கப்படவேயில்லை. கோழியை வாங்க மறுத்த மனிதரை எழுதியவர் வேறு எப்படி நடந்திருப்பார்?

2005-இல் 'ரேடியோ கால்ஃப்' யேலில் மேடையேறி, பத்தாவது நாடகமும் நிறைவேறியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அக்டோபர் 2 அன்று சியாட்டிலில், 60 வயதில் காலமானார். இரண்டு வாரங்களில் பிராட்வேயின் ஓர் அரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2017-இல் 'ஜிட்னி' பிராட்வேக்கு வந்தபோது, பத்து நாடகங்களும் அங்கே நடந்துமுடிந்தன. 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' 2020-இலும் 'தி பியானோ லெசன்' 2024-இலும் திரைப்படங்களாயின. புதிதாக வருபவர் 'ஃபென்சஸ்' படத்தைப் பார்த்துவிட்டு, 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்தைப் படிப்பது நல்ல வழி. எஸ்தர் அத்தையை அறிந்துகொள்ள விரும்புபவர் அதன் பின் 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' பக்கம் போகலாம்.

'செவன் கிட்டார்ஸ்' 1948-இல் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் நடக்கிறது. ஃபிளாய்டு பார்ட்டன் என்ற கிட்டார் கலைஞர், உருப்படியான வேலை இல்லாதவர் என்று குற்றம் சாட்டப்பட்டு 90 நாள் சிறைக்கூலியாக இருந்து வந்தவர். நாளொன்றுக்கு 30 சென்ட் வீதம் அவருக்குச் சேர வேண்டிய கூலி 27 டாலர். கேட்கப் போனால், அதற்குரிய கடிதத்தைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கொல்லைப்புறத்தை வில்சன் தாம் பிறந்த வீட்டை நினைத்தே எழுதினார். பாழடைந்து கிடந்த அந்தப் பெட்ஃபர்ட் அவென்யூ வீடு சீரமைக்கப்பட்டு 2022-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2016-இல், உள்ளூர்க் குழு ஒன்று அதே கொல்லைப்புறத்தில் 'செவன் கிட்டார்ஸ்' நாடகத்தை நடத்தியது. அங்கே கூடியிருந்த பார்வையாளர்கள் முன்னால் ஃபிளாய்டு நின்று, 90 நாளுக்கான தம் கூலியைக் கணக்குச் சொன்னார்.